பூஜ்ஜியம் இரட்டை எண்

ஜூலை 14, ஞாயிறு

தேர்வு முடிந்தது. விருதுநகரில் இவருக்கு ஒரு பள்ளி, எனக்கு ஒரு பள்ளி. மகள் தாரணியை அத்தையிடம், இவருடைய அம்மாவிடம், விட்டுவிட்டுப் போயிருந்தோம். நான் பேருந்து நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது இவர் முன்பே வந்து, இரண்டு கரும்புச்சாறு வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னுடையதில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது.

"எப்பிடி எழுதுன?"

"பரவால்ல. நீங்க?"

"தமிழு ஊதித் தள்ளிட்டேன். கணக்குலதான் ரெண்டு மூணு இடிக்குது."

இளநிலை உதவியாளர் வேலை. இவர் பி.ஏ. வரலாறு, நான் எம்.எஸ்ஸி. கணிதம். ஆனால் சனி ஞாயிறு கோச்சிங் போனது இவர்தான். இரண்டு பேரும் போனால் வீட்டை யார் பார்ப்பது? இவர் கொண்டுவரும் குறிப்புகளை மறுநாள் அடுப்படியில் வைத்துப் படித்துக்கொள்வேன். அது போதுமானதாகத்தான் இருந்தது.

ஒரு கேள்வி வந்திருந்தது. 'ஒற்றை எண்ணாகவும் இரட்டை எண்ணாகவும் இல்லாத முழு எண் எது?' (அ) 0, (ஆ) 1, (இ) 2, (ஈ) இவற்றுள் எதுவுமில்லை.

"அதுக்கு என்ன போட்டீங்க?" என்று கேட்டேன்.

"பூஜ்ஜியம்."

"ஐயோ! போன வாரம்தான அவ்வளவு சொன்னேன்? பூஜ்ஜியம் இரட்டைங்க."

அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னது. மூன்று ஒற்றை, இரண்டு இரட்டை, ஒன்று ஒற்றை, அப்படியே ஓர் அடி பின்னால் வைத்தால் பூஜ்ஜியம். அது இரட்டையாகத்தான் இருக்க வேண்டும். இரண்டால் வகுத்தால் மீதி வராத எண் இரட்டை. பூஜ்ஜியத்தை வகுத்தாலும் மீதி வராது. அன்று நன்றாகத் தலையாட்டினார்.

இவர் கரும்புச்சாற்றை உறிஞ்சிக்கொண்டே அருப்புக்கோட்டை பஸ் வருகிறதா என்று பார்த்தார். "விடு. ஒரு கேள்விதான."

வழியெல்லாம் அவருக்கு ஒரு மதிப்பெண் போய்விட்டதே என்று எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

ஜூலை 15, திங்கள்

காய்ச்சல் போல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை.

ஜூலை 23, செவ்வாய்

தேர்வு வாரியம் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிட்டிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை: (அ) 0.

முதலில் சிரிப்புதான் வந்தது. தவறான வரியைப் பார்க்கிறேனோ என்று இரண்டு முறை பார்த்தேன். இவரிடம் போனை நீட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆட்சேபணை அனுப்ப ஒரு வாரம் அவகாசம். ஆதாரம் இணைக்க வேண்டுமாம். தண்ணீர் வரும் நாள். குழாயடிக்குப் போய் வந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பரணில் இருக்கும் என் கல்லூரிப் புத்தகங்களை நாளைக்குத்தான் இறக்க வேண்டும்.

ஜூலை 26, வெள்ளி

இவர் வேலை பார்க்கும் தறிநூல் கடையில் மதியம் முதலாளி சாப்பிடப் போன நேரத்தில் ஆட்சேபணை அனுப்பினோம். நான் சொல்லச் சொல்ல இவர் கணினியில் தட்டினார். தமிழ்த் தட்டச்சில் கெட்டிக்காரர்.

வரையறை சொன்னேன். அடுத்தடுத்த இரண்டு ஒற்றை எண்களுக்கு நடுவே இருப்பது இரட்டை. மைனஸ் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே இருப்பது பூஜ்ஜியம் என்று சொன்னேன். ஒற்றையோடு இரட்டையைக் கூட்டினால் ஒற்றை, ஒற்றையைக் கூட்டினால் இரட்டை; ஐந்தோடு பூஜ்ஜியத்தைக் கூட்டினால் ஐந்து ஒற்றையாகவே நிற்கிறது, ஆகவே சேர்ந்தது இரட்டைதான் என்று சொன்னேன். வாரியம் குழப்பிக்கொண்டது எதில் என்பதையும் சொன்னேன்: நேர் எண்ணும் இல்லை, எதிர் எண்ணும் இல்லை என்பது பூஜ்ஜியத்துக்குப் பொருந்தும். ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை என்பது எந்த முழு எண்ணுக்கும் பொருந்தாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆசை விடவில்லை. "இன்னொண்ணும் போடுங்க. பன்னெண்டைப் பாதியாக்கினா ஆறு. ஆறைப் பாதியாக்கினா மூணு. அங்க நின்னு போகும். எந்த இரட்டை எண்ணை எடுத்தாலும் பாதி, பாதின்னு போனா ஒரு எடத்துல ஒற்றையில வந்து முட்டிக்கும். பூஜ்ஜியம் மட்டும்தான் எத்தனை தடவை பாதியாக்கினாலும் முட்டாது. பாத்தா, அதுதான் எல்லாத்தையும்விட இரட்டை."

இவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பேசாம டீச்சராவே இருந்திருக்கலாம்."

"இருந்தேன்ல."

தாரணி பிறக்கும்வரை தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். அதை இவர் மறந்திருக்க முடியாது. பேச்சுக்குச் சொன்னது. திரும்பத் தட்ட ஆரம்பித்தார்.

அனுப்பிய பிறகு, "மாத்த மாட்டாங்க கற்பகம்," என்றார். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

வீட்டில் நான் எடுக்கும் டியூஷனுக்குப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். பக்கத்துத் தறிச் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டேன்.

நவம்பர் 19, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. இவருக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் பிரிவில் கட்-ஆஃப் சரியாக இவருடைய மதிப்பெண்தான். எனக்கு ஒரு கேள்வி குறைவு.

இறுதி விடைக்குறிப்பிலும் அந்தக் கேள்விக்கு 0தான்.

அத்தை அழுதுவிட்டார். இவர் பதிவெண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் கேசரி கிளறினேன். எதிர்வீடு, தறிக்காரர்கள், இவருடைய சித்தப்பா குடும்பம் என்று வந்துகொண்டே இருந்தார்கள். எல்லாரும் கேசரி வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னது ஒன்றுதான். "ஒரு வீட்டுல ஒருத்தருக்குக் கெடச்சாப் போதும்ல?"

"போதும்," என்றேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. நூல் கடையில் நின்று நின்று இவர் காலில் நரம்பு சுருண்டு கிடக்கிறது. இனி உட்கார்ந்து வேலை பார்ப்பார்.

நவம்பர் 20, புதன்

கேசரிச் சட்டியில் பிடித்த அடி இன்னும் போகவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

பரமக்குடியிலிருந்து செபஸ்தியான் என்று ஒருவர் பேசினார். தேர்வு எழுதியவர்களின் டெலிகிராம் குழுவில் என் ஆட்சேபணையை ஜூலையில் போட்டிருந்தேன். அதைப் படித்திருக்கிறார். அவரும் 'எதுவுமில்லை' என்று எழுதி வேலையைத் தவறவிட்டவர்.

"அக்கா, மதுரைல கேஸ் போடுறோம். மனுதாரரா நீங்க இருந்தா நல்லாருக்கும்னு வக்கீலம்மா சொல்றாங்க. நீங்கதான் மொறையா ஆட்சேபணை அனுப்பிச்சிருக்கீங்க. எங்கள்ல பாதிப் பேரு கோவத்துல திட்டி அனுப்பிச்சிருக்கோம்."

"ஜெயிச்சா என்ன ஆகும்?"

"விடையத் திருத்துவாங்க. நம்மளுக்கு மார்க்கு ஏறும். பூஜ்ஜியம்னு போட்டவுகளுக்கு எறங்கும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். குக்கர் நாலாவது விசில் அடித்துவிட்டது. சோறு குழைந்து போனது. இவர் ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

டிசம்பர் 14, சனி

அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போனேன். பார்க்கவும் செய்தேன். ஒரு காபி குடிக்கும் நேரம்.

வக்கீல் மெஹருன்னிசாவின் அறை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார். ஆட்சேபணையைப் படித்துவிட்டு, "இந்தப் பாதியாக்குற விஷயம் எங்க இருந்து எடுத்தீங்க?" என்று கேட்டார். எங்கிருந்தும் எடுக்கவில்லை, எண்ணிலேயே இருக்கிறது என்றேன். சிரித்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"செபஸ்தியான் சொன்னாரு. உங்க வீட்டுக்காரரு செலக்ட் ஆயிருக்காராமே. அவரு எந்த விடை?"

"பூஜ்ஜியம்."

"அவருக்குத் தெரியுமா, நீங்க இங்க வந்தது?"

"தெரியும்."

பேனாவை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்து போட வேண்டிய இடங்களைக் காட்டினார். போட்டேன். திரும்பி வரும்போது தாரணிக்கு ஹேர்பேண்ட் வாங்கினேன். அத்தைக்கு முழங்கால் பட்டை.

இவரிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 22, ஞாயிறு

நான் சொல்வதற்குள் குழுவில் மனுதாரர்கள் பெயர் வந்துவிட்டது. முதல் பெயர் என்னுடையது. இவரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார்.

காலையில் தாரணிக்குத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் போனோடு முற்றத்துக்கு வந்தார்.

"இது நீயா?"

"ஆமா."

"எனக்குத் தெரியாம?"

"சொல்லத்தான் இருந்தேன்."

அத்தை உள்ளிருந்து வந்துவிட்டார். விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டார். "ஏத்தா, கட்டுன புருசன் வேலைக்கா கேஸ் போட்ட? ஊருல கேட்டா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாகளே!"

"அவுக மேல போடல அத்தை. வாரியத்து மேல போட்டிருக்கேன். பூஜ்ஜியம் இரட்டை எண்ணு."

"பூஜ்ஜியத்துல என்னத்தா இருக்கு? ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை ரெண்டு பேருக்குப் பங்கு வச்சாலும் மிச்சம் வராது அத்தை. அதான் இரட்டைங்கிறது."

"ஒண்ணுமில்லாத வீட்டுலதான்த்தா பங்குச் சண்டையே வரும்."

இவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்குப் புரியலைன்னா இன்னொரு தடவை சொல்றேன். நான் சொன்னதுல எங்க தப்பு இருக்கு, காட்டுங்க."

"தப்பில்ல," என்றார். "நீ அவரைக்கா நறுக்கிக்கிட்டே சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. பூஜ்ஜியம் இரட்டைதான்."

"அப்பறம் ஏன் அப்பிடிப் போட்டீங்க?"

போனைச் சட்டைப் பையில் வைத்தார். "கோச்சிங்ல சார் சொன்னாரு. இதே கேள்விய மூணு வருசத்துக்கு முன்னாடி வேற ஒரு தேர்வுல கேட்டிருக்காங்க. அப்பவும் விடை பூஜ்ஜியம்னுதான் குடுத்தாங்களாம். சரி தப்பு பாக்காதீங்க, வாரியம் என்ன எழுதச் சொல்லுதோ அத எழுதுங்கன்னாரு."

"அது உங்க குறிப்புல இல்லையே?"

"வாயால சொன்னாரு."

"எப்ப?"

"தேர்வுக்கு முந்தின ஞாயித்துக்கெழம."

நான் அவரைக்காய் நறுக்கியது அதற்குப் பின்னால். அவ்வளவு நேரமும் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீ அவ்வளவு ஆசையாச் சொல்லிக்கிட்டு இருந்த. கணக்குல ஒனக்கு நான் என்னத்தச் சொல்றதுன்னு..." வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தாரணி, "அம்மா, எண்ண கண்ணுக்கு வருது," என்றாள். துடைத்துவிட்டேன். தண்ணீர் விளாவி ஊற்றினேன். சீயக்காய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

இதைப் பற்றி இனிமேல் எழுதப் போவதில்லை. மறந்துவிடலாம்.

டிசம்பர் 23, திங்கள்

தேர்வுக்கு முந்தின ஞாயிறு என்றால் ஜூலை ஏழு. அன்று இவருக்குப் பிடிக்குமே என்று பணியாரம் சுட்டிருந்தேன். கோச்சிங் முடிந்து வந்து சாப்பிட்டார்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. தாரணி மட்டும் சத்தமாகக் குலவை போட்டாள்.

மனுவின் மேல் இடைக்காலத் தடை கிடைத்திருக்கிறது. கலந்தாய்வு நடக்காது. இவர் நூல் கடையை விட்டு நிற்பதாக முதலாளியிடம் சொல்லியிருந்தார். திரும்பப் போய் இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. இது சித்தப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. தாரணியிடம், "ஒங்கம்மாட்ட உப்பு எங்கன்னு கேளு," என்கிறார். நானும் தாரணியிடம் சொல்கிறேன். பிள்ளைக்கு இது விளையாட்டாக இருக்கிறது. இவர் பேசுகிறார். வாடகை, கரண்டு பில், பால்காரர். வாபஸ் வாங்கு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

தாரணிக்கு அம்மை. வேப்பிலை கட்டியாகிவிட்டது. டியூஷன் நிறுத்தம். புதன்கிழமை விசாரணை. மனுதாரரில் ஒருவராவது வந்திருந்தால் நல்லது என்றார் வக்கீல். செபஸ்தியானுக்கு அன்று தங்கை கல்யாணம். மற்றவர்கள் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

காலையில் நான் தாரணியின் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இவர் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"கோர்ட்டுக்கு நான் போயிட்டு வரவா?"

"நீங்களா?"

"யாராச்சும் இருக்கணும்னாங்கள்ல."

வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கிளம்பிவிட்டார். பின்னாலேயே அத்தை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு நாள் முழுக்க ஒன்றும் ஓடவில்லை. கஞ்சி காய்ச்சினேன், ஆற்றினேன், தாரணி துப்பினாள், திரும்பக் காய்ச்சினேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வந்தார். கால் கழுவிவிட்டு நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இத்தனை நாள் பார்க்காத ஒரு முகம்.

"வாரியத்து வக்கீல் எந்திரிச்சாரு. பூஜ்ஜியம்னா ஒண்ணுமில்லாதது, ஒண்ணுமில்லாததுக்கு ஒற்றை என்ன, இரட்டை என்னன்னாரு. எனக்கே அட, சரிதானேன்னு பட்டுச்சு. நம்ம வக்கீலம்மா பதில் சொல்ல எந்திரிக்கிறாங்க. அதுக்குள்ள நீதிபதி கைய காட்டி, கொஞ்சம் இருங்கன்னுட்டு, அவருகிட்டயே கேட்டாரு. பத்து, இருபது, முப்பது எல்லாம் இரட்டைதானன்னு. ஆமான்னாரு. எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கன்னாரு. கடைசி எண்ணு இரட்டையா இருந்தா முழுசும் இரட்டைங்கன்னாரு. சொன்னாரா, சொல்லிட்டு அப்பிடியே நிக்கிறாரு! கடைசில என்ன இருக்கு? பூஜ்ஜியம்! வாய வச்சிக்கிட்டு இருக்க முடியாம அவரே ஒத்துக்கிட்டாரு. கோர்ட்டே சிரிச்சிருச்சு கற்பகம்! நானும் சிரிச்சிட்டேன். பக்கத்துல இருந்த போலீஸ்காரரு மொறைக்கிறாரு."

சொல்லும்போதே தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். தாரணியும் என்னவென்று தெரியாமல் சிரித்தாள். அத்தை கதவோரம் நின்றிருந்தார்.

பிறகு இவருக்குச் சிரிப்பு மெல்ல நின்றது. கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிபுணர் குழு போடச் சொல்லிருக்காங்க," என்றார். "அநேகமா நமக்கு... ஒனக்குத்தான் வரும்."

கஞ்சி கொடுத்தேன். குடித்தார்.

மார்ச் 21, வெள்ளி

தீர்ப்பு. பூஜ்ஜியம் இரட்டை எண் என்று நிபுணர்கள் ஒருமனதாக எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். விடையைத் திருத்தி, பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும்.

மெஹருன்னிசா போனில், "வாழ்த்துகள் மேடம்," என்றார். இதுவரை என்னை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. நன்றி சொல்லிவிட்டு, ஊறவைத்த உளுந்தை ஆட்டப் போனேன். கிரைண்டர் ஓடும்போது அழுதால் வெளியே கேட்காது என்று தெரிந்தது. எதற்காக என்று தெரியவில்லை. களைப்புதான்.

ஏப்ரல் 9, புதன்

புதுப் பட்டியல். என் எண் இருக்கிறது. இவர் எண் இல்லை.

இவரே பார்த்துச் சொன்னார். இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒனக்கு வந்திருச்சு," என்றார். அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டு நூல் கடைக்குப் போனார். வழக்கமாகத் தெருமுனையில் திரும்பித் தாரணிக்குக் கை காட்டுவார். இன்று காட்டவில்லை. மறந்திருப்பார்.

செபஸ்தியானுக்கு வரவில்லை. ஒரு மதிப்பெண் ஏறிய பிறகும் பத்தவில்லையாம். வருத்தம் சொல்லலாம் என்று கூப்பிட்டேன். "விடுங்கக்கா. எனக்கு வராட்டி என்ன, பூஜ்ஜியத்துக்கு வந்திருச்சுல்ல," என்றார். முதுகுளத்தூரில் ஒரு பெண்ணும் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டாளாம். குழுவில் வந்து எங்களையெல்லாம் கண்டபடி எழுதிவிட்டு வெளியேறிப் போயிருக்கிறாள். அதை நானும் படித்தேன். கைக்குழந்தைக்காரி.

யாருக்கும் கேசரி கிளறவில்லை. யாரும் வரவுமில்லை.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு பாவாடையை எடுத்து மடித்தார். "நீ இன்னும் சாப்பிடலையேத்தா," என்றார். டிசம்பருக்குப் பிறகு நேராக என்னிடம் பேசிய முதல் பேச்சு. "பசிக்கல அத்தை," என்றேன். போய்த் தட்டில் போட்டுக்கொண்டு வந்து வைத்தார். என்னை மன்னித்துவிட்டார் என்று இல்லை. நான் விழுந்துவிட்டால் இனி இந்த வீட்டில் சர்க்கார் சம்பளத்துக்கு ஆளில்லை என்றும் இருக்கலாம். சாப்பிட்டேன்.

மே 16, வெள்ளி

கலந்தாய்வுக்கு இவரும் கூட வந்தார். உள்ளே விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் என் சான்றிதழ் பையின் உறையை மடித்து வைத்துக்கொண்டு நின்றார். பழைய பட்டியல் கலையாமல் இருந்திருந்தால் நான் அங்கே நின்றிருப்பேன்.

உள்ளே ஒரு அதிகாரி எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார். "வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?"

நூல் கடையில் இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்தேன். "அடுத்த தேர்வுக்குப் படிச்சிட்டு இருக்கார் சார்," என்று வந்தது. இவர் படிக்கவில்லை. ஏப்ரலுக்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் தொடவில்லை.

சாத்தூர் எடுத்தேன். வீட்டிலிருந்து போய் வரலாம்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இடம் கிடைத்தது. பாதி வழி வந்திருப்போம். இவர், சன்னலைப் பார்த்தபடியே, கேட்டார்.

"அன்னைக்கு நான் சொல்லிருந்தா நீ என்ன போட்டிருப்ப?"

ஐந்து மாதமாக நான் என்னையே கேட்டுக்கொள்வதுதான். எனக்குத் தெரிந்த கணக்குக்காக 'எதுவுமில்லை' என்றே எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசை. ஆனால் தேர்வு அறையில் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்?

"நானும் பூஜ்ஜியம்னுதான் போட்டிருப்பேன்," என்றேன். "ரெண்டு பேருக்கும் கெடச்சிருக்கும்."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேனா, இல்லை குத்திக் காட்டச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

"சொல்லிருக்கணும்," என்றார்.

"சொல்லிருக்கணும்தான்," என்றேன்.

கண்டக்டர் வந்தார். இவர் இரண்டு டிக்கெட் எடுத்தார்.

மே 30, வெள்ளி

இவரோடு உட்கார்ந்து கணக்குப் பகுதியை முதலிலிருந்து ஆரம்பித்தோம். இவர் கேட்கவில்லை, நான்தான் புத்தகத்தை எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் தள்ளியே உட்கார்ந்திருந்தார். வகுபடும் தன்மை பாதி முடிந்தது. பாதியில் தூங்கிவிட்டார். எழுப்பவில்லை.

ஜூன் 11, புதன்

வேலையில் சேர்ந்த நாள்.

ஐந்து மணிக்கு எழுந்தேன். எனக்கு முன்னால் அத்தை எழுந்து புளிச்சாதம் கிளறிவிட்டிருந்தார். உப்பு கூடுதல். சொல்லவில்லை. இவர் தாரணிக்குச் சடை பின்னினார். ஒன்று மேலே, ஒன்று கீழே. தாரணி கண்ணாடியைப் பார்த்து வீறிட்டாள். "அப்பாவுக்குப் பின்னவே தெரியல, நீ பின்னும்மா!" நேரமில்லை. இவர் அவிழ்த்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார். நான் செருப்பு மாட்டும்போது மூன்றாவது முறை பின்னிக்கொண்டிருந்தார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, தேர்வு எழுதுவது போல.

"போயிட்டு வர்றேன்," என்றேன்.

"எறங்குனதும் போன் போடு," என்றார், சடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாத்தூர் பஸ்ஸில் சன்னலோர இடம் கிடைத்தது. பந்தல்குடி தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். தனியாக உட்கார்ந்ததும் அழுகை வரும் என்று நினைத்து கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது. எத்தனையோ வருடமாகத் தூங்காதவள் போல் தூங்கியிருக்கிறேன். கண்டக்டர் தோளுக்கு மேலே கம்பியைத் தட்டித் தட்டி எழுப்பினார்.

"யம்மா, சாத்தூரு வந்திருச்சு. எல்லாரும் எறங்கியாச்சு."

பஸ் காலியாக இருந்தது. எங்கே இருக்கிறேன் என்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் நல்ல மனிதர், பையை எடுத்துக் கையில் கொடுத்தார். "வேலைக்கா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.